வேலையை விடாமல் தொடங்குங்கள்: தலைமைத்துவப் பயிற்சித் துறைக்கு மாற நினைப்பவர்களுக்கு

மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் 35-க்கும் 45-க்கும் இடைப்பட்ட வயது. ஒருவர் ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர், இன்னொருவர் ஆலையில் உற்பத்தி மேலாளர், மற்றொருவர் வங்கிக் கிளை மேலாளர். "சார், டார்கெட்டை விரட்டறதைவிட, கீழே இருக்கற பசங்களை ஆளாக்கி விடறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க லைனுக்கு வரணும்னு பாக்கறேன். எந்த சர்ட்டிஃபிகேட் பண்ணணும்?"

சர்ட்டிஃபிகேட்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அது இந்தக் கட்டுரையில் ஐந்தாவது படியில்தான் வருகிறது. முந்தைய நான்கையும் செய்யாமல் நேரே அங்கே தாவியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். சுவரில் சட்டம் போட்ட காகிதம் இருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி: ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் 14 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டிலும் உற்பத்தியிலும் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். அதனால் எடுத்துக்காட்டுகளில் கொஞ்சம் எண்ணெய் வாசனை அடிக்கும். மருத்துவமனை, வங்கி, மென்பொருள் என்று வேறு இடத்தில் இருப்பவர்கள் 'ஷிஃப்ட்' என்று வரும் இடத்தில் உங்கள் சொல்லைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலைக்கு மாறுகிறீர்கள்?

தலைமைத்துவப் பயிற்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மேடை, காலர் மைக், கைதட்டல். அது ஊக்கப் பேச்சாளரின் தொழில். நல்ல தொழில்தான், ஆனால் வேறு தொழில்.

கம்பெனிகள் 'லீடர்ஷிப் டெவலப்மென்ட்' என்று பட்ஜெட் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே சிக்கலுக்காக. நன்றாக வேலை செய்தவரைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். மேலே போனதும், அவருக்குத் தெரிந்த வேலை அங்கே இல்லை. நேற்றுவரை தன் கையால் செய்து பேர் வாங்கியவர், இன்று பதினைந்து பேர் கையால் அதைச் செய்ய வைக்க வேண்டும். சூப்பர்வைசர் ஆனவருக்கும் இதுதான் சிக்கல், துணைத் தலைவர் ஆனவருக்கும் இதுதான். அந்தத் தாவலில் கால் இடறாமல் பக்கத்தில் நிற்பது நம் வேலை.

இதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. ஒரு திறமையைச் சொல்லிக்கொடுத்துப் பழக்குபவர் டிரெயினர். குழுவே பேசி, தன் சிக்கலுக்குத் தானே வழி கண்டுபிடிக்கும்படி கூட்டத்தை நடத்துபவர் ஃபெசிலிடேட்டர். ஒருவரோடு தனியாக உட்கார்ந்து, கேள்வி கேட்டே அவரை யோசிக்க வைப்பவர் கோச். பதவி உயர்வுக்கு முன் ஒருவர் அதற்குத் தயாரா என்று பயிற்சி விளையாட்டுகளும் நேர்காணலும் வைத்துப் பார்ப்பவர் அசெஸர். இத்தனை பேரையும் பிடித்து, பட்ஜெட் போட்டு, ஆட்களை வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி மேலாளர்களோடு மல்லுக்கட்டும் உள்ளக வேலை ஒன்று உண்டு: லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட், சுருக்கமாக எல் அண்ட் டி.

தமிழில் எழுதினால் அது அந்தப் பெரிய கட்டுமான நிறுவனத்தின் பேர் மாதிரியே இருக்கும். நான் மாறிய புதிதில் என் மாமனார் ஊரெல்லாம் "மாப்பிள்ளை எல் அண்ட் டி-ல இருக்கார்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் திருத்த மனம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியர்களாக இருந்த உதய் பாரீக்கும் டி.வி. ராவும் கொடுத்த ஆலோசனையின்படி, மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறையை 1975-ல் தொடங்கியது லார்சன் அண்ட் டூப்ரோதான். இந்தியாவில் இந்தத் தொழிலின் வரலாற்றை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவார்கள்.

படி 1: பின் வரிசைச் சோதனை

உங்கள் கம்பெனியில் அடுத்து ஏதாவது பயிற்சி நடக்கும்போது கடைசி வரிசையில் உட்காருங்கள். பயிற்சியாளரைப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். யார் எப்போது போனை எடுக்கிறார், எந்தக் கேள்விக்கு அறை நிமிர்கிறது, டீ இடைவேளையில் யார் யாரோடு நிற்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை மணிக்குக் கண் சொக்குகிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் உங்களுக்கு அலுப்பாக இருந்து, 'அந்த மைக் என் கையில் இருந்திருந்தால்!' என்று மட்டும் தோன்றினால், மேடைப் பக்கம் போவதை யோசிக்கலாம். மூன்றாவது மேசையில் ஒருவர் வாயே திறக்கவில்லையே, அவருக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குடைந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, நம்பகமான சோதனை வேறு இல்லை.

படி 2: இருக்கும் இடத்திலேயே ஆறு பேர்

வேலையை விட்டுவிட்டுத் தொடங்க வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். உங்கள் கையில் இருக்கும் மூலதனம் என்பது நீங்கள் செய்துவரும் தொழில்தான். ரிஜெக்‌ஷன் ஏறும்போது மேலாளரின் முகம் எப்படி மாறும், ஆடிட் வரும் வாரம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவருக்கும், வகுப்பறையில் படித்துவிட்டு வந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சூப்பர்வைசர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால், உங்கள் துறையிலேயே அண்மையில் பதவி உயர்ந்த ஆறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதவளத் துறையிடமும் உங்கள் மேலாளரிடமும் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். ஆறு மாதம். ஸ்லைடு வேண்டாம். "போன இரண்டு வாரத்தில் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், அது போதும்.

என்ன வரும் தெரியுமா? நிர்வாகவியல் பாடத்தில் இருக்கும் பெரிய சொற்கள் எதுவும் வராது. "சார், போன மாசம் வரைக்கும் மச்சான்னு தோள்ல கை போட்டவன், இப்ப ஓ.டி. இருக்கச் சொன்னா முறைக்கறான்." "நான் கேன்டீன்ல போய் உக்காந்தா பேச்சை நிறுத்திடறாங்க சார்." "என் அப்பா வயசு ஆபரேட்டர். அவர்தான் எனக்கு லேத்தே சொல்லிக்கொடுத்தார். அவரை எப்படிங்க நான் கேள்வி கேக்கறது?" ஒரு புது சூப்பர்வைசருக்கு முதல் ஆறு மாதத்தில் எரிவது இவைதான். இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று எங்கே போனாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் லைனில் நிற்கிறார்கள். சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கைச்சாடையில் வேலை நடக்கிறது, கோபமும் கைச்சாடையிலேயே நடக்கிறது.

இந்த ஆறு பேரோடு உட்கார்ந்து நீங்கள் எடுத்து வைக்கும் குறிப்புதான் பின்னாளில் உங்கள் பாடத்திட்டம். எந்தப் பயிற்சி நிறுவனமும் இதை உங்களுக்கு விற்க முடியாது.

சொல்லிக்கொடுக்க ஏதாவது ஒரு முறை வேண்டும் என்று கை பரபரத்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' திட்டத்தைத் தேடிப் படியுங்கள். அனுபவமுள்ளவர்கள் போருக்குப் போய்விட, ஆலைகளில் புதியவர்கள் குவிந்தார்கள். அவர்களை நடத்த சூப்பர்வைசர்களைச் சீக்கிரம் தயார்செய்ய வேண்டியிருந்தது. பத்துப் பேர் கொண்ட குழு, இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து, மொத்தம் பத்து மணி நேரம், முடிந்தது. வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு ஒன்று, ஆட்களோடு உள்ள உறவுக்கு ஒன்று, வேலைமுறையை மேம்படுத்த ஒன்று. உறவுக்கான பாடத்தின் சாரம் நான்கே அடி: முழு விவரத்தையும் திரட்டு, எடை போட்டு முடிவெடு, செய், விளைவைப் போய்ப் பார். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறையில் கலந்தது. எண்பது வயதான சரக்கு, ஆனால் இன்றைக்கும் பளபளப்பான பல தொகுப்புகளைவிட இது ஷாப்ஃப்ளோரில், அதாவது இயந்திரங்கள் ஓடும் தளத்தில், நன்றாக எடுபடுகிறது என்பது என் அனுபவம்.

படி 3: பயிற்சி தேவைதானா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தத் தொழிலில் காசுக்கு மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், வகுப்பு நடத்துவதற்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது என்பேன். ஒரு கதை சொல்கிறேன்.

ஓர் ஆலையில் கூப்பிட்டார்கள். "சூப்பர்வைசர்களுக்கு கம்யூனிகேஷன் ஸ்கில் சுத்தமா இல்லை. ஷிஃப்ட் மாறும்போது தகவலே சொல்றதில்லை. ரெண்டு நாள் புரோகிராம் போட்டுக் கொடுங்க." சரி என்று தலையாட்டும் முன், ஒரு நாள் வந்து நின்று பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஏ ஷிஃப்ட் காலை 6-லிருந்து மதியம் 2 மணி வரை. பி ஷிஃப்ட் ஆட்கள் 1.55-க்கு உள்ளே வருகிறார்கள். வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் 2.10-க்குக் கிளம்புகிறது. கை கழுவி, உடை மாற்றி, கேட் வரை நடக்கவே பத்து நிமிடம். ஏ ஷிஃப்ட் சூப்பர்வைசர் அந்த நேரத்தில் நின்று விவரம் சொன்னால், அடுத்து ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் ஊர் போக வேண்டும். அவருக்கு வாய் நன்றாகவே வேலை செய்தது. பஸ்தான் நிற்கவில்லை.

பஸ்ஸை 2.25-க்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டுக்கு விவரம் சொல்லும் ஒப்படைப்புக்கு ஒரு பக்கப் படிவம் ஒன்றும் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் பயிற்சிக்கான கட்டணம் போயிற்று. ஆனால் அதே ஆலை அடுத்த வருடம் ஆறு மாதத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது.

கூப்பிடுபவர்கள் எப்போதும் நோயைச் சொல்ல மாட்டார்கள், மருந்தின் பேரைத்தான் சொல்வார்கள். 'டீம் பில்டிங் வேணும்', 'ஓனர்ஷிப் வரணும்' என்று. அப்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கடைசியாக எந்தச் சம்பவத்தைப் பார்த்து இது தேவை என்று தோன்றியது? அந்த ஆளுக்கு எப்படிச் செய்வது என்று தெரியாதா, தெரிந்தும் செய்ய முடியாமல் ஏதாவது தடுக்கிறதா? பயிற்சிக்குப் பிறகு அவர் வேறு மாதிரி நடந்துகொண்டால் அவருடைய மேலாளர் விடுவாரா? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பு வந்தால், நீங்கள் உட்கார வேண்டியது மேலாளரோடு.

படி 4: கொஞ்சம் அடிப்படை

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

உளவியலாளர் கர்ட் லெவினிலிருந்து தொடங்குங்கள். 1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் முன்னின்று நடத்திய ஒரு பயிலரங்கு. மாலையில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, பங்கேற்பாளர்கள் அன்று எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசுவார்கள். அதைக் கேட்கப் பங்கேற்பாளர்கள் சிலர் அனுமதி கேட்டு உள்ளே வந்தார்கள். 'நான் அப்படிச் செய்யவில்லையே' என்று மறுப்பு வந்தது, விவாதம் சூடானது, பகல் வகுப்புகளைவிட அந்த இரவுப் பேச்சில் அதிகம் கற்றார்கள். தன் நடத்தை அடுத்தவருக்கு எப்படித் தெரிகிறது என்று நேருக்கு நேர் கேட்பதில் உள்ள வலிமை அன்றுதான் பிடிபட்டது. ஒரு சிறு குழு நிகழ்ச்சி நிரல் இல்லாமல் உட்கார்ந்து, தங்கள் நடத்தையைப் பற்றியே பேசிக் கற்கும் டி-குரூப் என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் அதை இன்றும் நடத்தும் அமைப்புகளில் ஒன்று இஸாப்ஸ் (இந்தியன் சொசைட்டி ஃபார் அப்ளைடு பிஹேவியரல் சயின்ஸ்).

அடுத்து டேவிட் கோல்பின் அனுபவக் கற்றல் சுழற்சி (செய், திரும்பிப் பார், புரிந்துகொள், மறுபடி செய்துபார்), டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதிய நான்கு மதிப்பீட்டு நிலைகள் (பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா), சூழல்-நடத்தை-விளைவு என்று பிரித்துக் கருத்துச் சொல்லும் முறை. கடைசியாகச் சொன்னது கிரீன்ஸ்பரோவில் உள்ள சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்பிலிருந்து வந்தது. 70-20-10 என்ற விகிதமும் அங்கே நடந்த ஆய்விலிருந்து கிளைத்ததுதான்: எழுபது வேலையிலிருந்து, இருபது மனிதர்களிடமிருந்து, பத்து வகுப்பிலிருந்து. இதை ஏதோ இயற்பியல் விதி போல ஸ்லைடில் போடுகிறார்கள். மேலாளர்கள் தாங்கள் எதிலிருந்து கற்றோம் என்று நினைவிலிருந்து சொன்னதைத் திரட்டிப் பெற்ற, தோராயமாக்கிய எண்கள் அவை. திசையைக் காட்டும், அளவுகோலாகப் பிடிக்கக் கூடாது.

படி 5: சர்ட்டிஃபிகேட்

சரி, இப்போது கேட்கலாம்.

கோச்சிங் பக்கம் போகிறவர்களுக்கு உலக அளவில் அதிகம் செல்லுபடியாவது 1995-ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் சான்றிதழ்கள். மூன்று நிலை: ஏ.சி.சி., பி.சி.சி., எம்.சி.சி. முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் (அதில் 75 மணியாவது கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும்), ஒரு மூத்த கோச்சிடம் 10 மணி நேர வழிகாட்டலும், தேர்வும் வேண்டும். இரண்டாம் நிலைக்கு 125 மணி நேரப் படிப்பு, 500 மணி நேர அனுபவம். மூன்றாவதற்கு 2,500 மணி நேரம். விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள், சேரும் முன் அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் 'சர்ட்டிஃபைட் மாஸ்டர் கோச்' ஆக்குகிறேன் என்று யாராவது விளம்பரம் செய்தால் மேலே உள்ள எண்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த 75 மணி நேரத்தைப் பார்த்துப் பலர் மலைக்கிறார்கள். இரண்டாவது படியில் சேர்த்த ஆறு பேர் இங்கே கைகொடுப்பார்கள். அவர்கள் வழியாக நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். சிறு தொகை என்றாலும் கட்டணம் கட்டணம்தான். நாள், நேரம், பேர் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் எழுதிவையுங்கள். நான் எழுதாமல் விட்ட முதல் முப்பது சொச்சம் மணி நேரம் இன்றுவரை கணக்கில் சேரவில்லை.

டிரெயினர் பக்கம் போகிறவர்களுக்கு இந்தியன் சொசைட்டி ஃபார் டிரெயினிங் அண்ட் டெவலப்மென்ட் நடத்தும் டிப்ளமோ இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மனிதவளத்தை முறையாகப் படிக்க விரும்பும் சென்னைக்காரர்களுக்கு எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா வளாகத்தில் லிபா என்ற நிர்வாகவியல் கல்லூரி என்று பழைய நிறுவனங்கள் உண்டு. ஆனால் 40 வயதில் இன்னொரு முழுநேரப் பட்டம் தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவைப்படவில்லை.

எம்.பி.டி.ஐ., டிஸ்க் மாதிரி ஆளுமைக் கணிப்புகளைக் கையாளப் பெரும்பாலும் உரிமம் வேண்டும், செலவும் ஆகும். முதல் வருடத்தில் அவசியமில்லை. வாங்கினால் இதையும் நினைவில் வையுங்கள்: எம்.பி.டி.ஐ.யை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். மனிதவளத் துறையில் யாராவது "இதை வெச்சே செலக்ட் பண்ணிடலாமே" என்பார்கள். அங்கே நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், முதல் செலவாக இஸாப்ஸ் மாதிரி அமைப்பின் டி-குரூப் ஒன்றில் போய் சில நாள் உட்காருங்கள். சான்றிதழுக்காக இல்லை. பேச நிகழ்ச்சி நிரல் இல்லாத அறையில், நீங்கள் அமைதியைத் தாங்க முடியாமல் எப்போது வாயைத் திறக்கிறீர்கள் என்று அங்கே தெரிந்துவிடும்.

படி 6: முதல் வகுப்பு

என் முதல் வெளி வகுப்புக்கு 64 ஸ்லைடு கொண்டுபோனேன். பதினொன்றரை மணிக்கு முப்பதாவது ஸ்லைடில் நின்றபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் லைனுக்கு மட்டும்தான், பயிற்சி அறைக்குக் கிடையாது. கையில் ஒன்றுமே இல்லாமல், "பள்ளிக்கூடத்தில் உங்க க்ளாஸ் லீடர் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. "பேசறவங்க பேரை போர்டுல எழுதுவான் சார்!" ஒருவர் சேர்த்தார்: "அவனுக்குப் பிடிச்சவன் பேரை மட்டும் எழுத மாட்டான்." "அடங்கலைன்னா பேருக்குப் பக்கத்துல இன்ட்டு போடுவான்."

அப்புறம் கேட்டேன்: "இப்ப உங்க லைன்ல நீங்க என்ன பண்றீங்க?" சிரிப்பு மெல்ல அடங்கியது. அன்று மாலை வரை மின்சாரம் வரவேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை.

அதிலிருந்து ஒரு சொல் பாடமும் கிடைத்தது. தமிழில் 'தலைவர்' என்றால் கட்சித் தலைவர், சங்கத் தலைவர், இல்லாவிட்டால் சினிமா நாயகர். "நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு தலைவர்" என்று சூப்பர்வைசர்களிடம் சொன்னால் பின்வரிசையில் விசில்தான் வரும். 'லீடர்' என்றால் பேர் எழுதும் பையன். இரண்டையும் விட்டுவிட்டு, "உங்களை நம்பி பதினைந்து பேர் இருக்காங்க" என்று ஆரம்பித்தால் எல்லாருக்கும் புரிகிறது. ஆலையின் முதல் நிலை மேற்பார்வையாளர்களுக்குத் தமிழிலேயே, அவர்கள் பேசும் தமிழிலேயே நாள் முழுக்க நடத்தக்கூடியவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் நடத்த ஆள் நிறைய இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு இது திறந்த வாசல்.

நடைமுறைக் குறிப்புகள் சில. 16-லிருந்து 20 பேருக்கு மேல் ஏற்றுக்கொள்ள வேண்டாம், முப்பது பேர் என்றால் அது கூட்டம். நாற்காலிகளை ப வடிவில் போடச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்களை அப்படியே வகுப்பில் உட்கார வைப்பார்கள். முந்தைய நாளே கேட்டு, அவர்களை வேறு தேதிக்கு மாற்றுங்கள், தூங்குபவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. மதியம் 2-லிருந்து 3 வரை நீங்கள் பேசவே கூடாது, நடித்துக் காட்டும் பயிற்சியை அங்கே வையுங்கள். அப்பா வயது ஆபரேட்டராக ஒருவர், புது சூப்பர்வைசராக ஒருவர். மூன்று நிமிடம். நடிப்பவரைவிடப் பார்ப்பவர்கள் அதிகம் கற்பார்கள். முடிவில் "இனிமேல் நன்றாகப் பேசுவேன்" என்று எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள். "வியாழக்கிழமைக்குள் முருகேசன் அண்ணனிடம் ரீவொர்க் பற்றித் தனியாகப் பேசுவேன்" என்கிற அளவுக்கு வரும்வரை கேளுங்கள். இரண்டு நாளை ஒரே மூச்சாக நடத்துவதைவிட, மாதம் ஒரு நாளாக ஆறு மாதம் நடத்துங்கள். நடுவில் உள்ள 29 நாளில்தான் பயிற்சி நடக்கிறது.

படி 7: எந்த வாசல் வழியாக, எவ்வளவு பணத்தோடு

மூன்று வாசல்கள். உங்கள் கம்பெனியிலேயே எல் அண்ட் டி பிரிவுக்கு மாற்றல் கேட்பது. ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்வது. தனியாக நிற்பது. இந்த வரிசையிலேயே போவது பாதுகாப்பு. முதல் வாசலில் சம்பளம் குறையாது, ஆனால் 'லைன்ல சரிப்பட்டு வரலை, அதான் டிரெயினிங்குக்குப் போயிட்டான்' என்ற பேச்சைக் கேட்க வேண்டிவரும். எனக்கும் கிடைத்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய், ஒரு வருடம் உறுத்தியது.

தனியாக நிற்கப் போகிறீர்கள் என்றால், குறைந்தது ஒன்பது மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். முதல் ஆண்டில் என் வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. இந்தத் தொழிலுக்குப் பருவம் உண்டு: மார்ச் மாதம் ஆலையில் யாரையும் விடமாட்டார்கள், ஏப்ரலில் பட்ஜெட் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை என்பார்கள், ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை ஒன்றும் நகராது, பொங்கல் வாரமும் அப்படியே. மிச்சம் இருக்கும் மாதங்களில்தான் வருடம் முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டும்.

கட்டணத்தை ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, அந்த ஒரு நாளுக்குப் பின்னால் உள்ள நாட்களையும் சேருங்கள்: நேரில் பார்க்க ஒரு நாள், தயாரிக்க இரண்டு நாள், பின்தொடர ஒரு நாள். சேர்க்காவிட்டால் அந்த வேலைகளை நீங்களே வெட்டிவிடுவீர்கள், அப்புறம் வெறும் பேச்சாளர்தான்.

கணக்கு வழக்கு: சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், பயிற்சிச் சேவைக்கு 18 சதவீதம். கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தரும், வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால், அக்கவுன்ட்ஸ் துறையின் குரலில் ஒரு மரியாதை கூடுகிறது.

படி 8: மூன்று மாதம் கழித்து, காலை 5.45

பெரும்பாலான பயிற்சிகள் கிர்க்பாட்ரிக் சொன்ன முதல் நிலையோடு, 'பிடித்ததா' என்பதோடு முடிகின்றன. வகுப்பு முடிந்ததும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு காகிதம், 4.7, குழு போட்டோ, லிங்க்ட்இன். உணவு நன்றாக இருந்தாலே 4.5 வரும். கிர்க்பாட்ரிக்கின் மூன்றாவது நிலை, அதாவது நடத்தை மாறியதா என்பது அந்த அறையில் தெரியாது.

அதனால் ஒப்பந்தம் போடும்போதே, மூன்று மாதம் கழித்து ஒரு ஷிஃப்ட் முழுக்க லைனில் நிற்பதற்கும் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள். ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஒப்படைப்பு எத்தனை நிமிடம் நடக்கிறது, யார் கேள்வி கேட்கிறார், முதல் கோளாறு வந்ததும் சூப்பர்வைசர் ஆபரேட்டரைக் கத்துகிறாரா, 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறாரா, ஒடிசாப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, 'ஏய்' என்கிறாரா என்று எண்ணி எழுதுங்கள். இருபது பேரில் எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் ஆலைத் தலைவரிடம் கொடுங்கள். எண் மோசமாக இருந்தாலும் கொடுங்கள். என் முதல் அறிக்கையில் இருபதுக்கு ஏழு. அவர் காகிதத்தை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, "மீதி பதிமூணு பேரோட மேனேஜர் யாரு?" என்று கேட்டார். அடுத்த வேலை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

போகும்போது சொந்த சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். விருந்தினர்களுக்கென்று கேட்டில் கொடுப்பது ஒன்று பத்தாம் நம்பராக இருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் இடது காலாக இருக்கும்.